விடியலில் ‘ஸ்டாண்ட்-டு’, ராத்திரி சென்ட்ரி: இலங்கையில் அமைதிப்படை ஜவானின் ஒரு நாள் எப்படி இருந்தது?

சேலம் மாவட்டத்தில் மேட்டூர், வாழப்பாடி, ஏற்காடு என எந்தப் பக்கம் போனாலும் ‘மிலிட்டரிக்காரர்’ என்று ஊர் அழைக்கும் ஒருவராவது இருப்பார். அவருக்கு இப்போது 60 வயதைத் தாண்டியிருந்தால், இலங்கைக்குப் போய் வந்தவராக இருக்க வாய்ப்பு உண்டு. கார்கில் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் பேசும் முன்னாள் ராணுவத்தினர்கூட, இலங்கை என்றதும் பேச்சை மாற்றிவிடுவது உண்டு.

1987 ஜூலை முதல் 1990 மார்ச் வரை இந்திய ராணுவம் இலங்கையில் இருந்தது. அந்த 32 மாதங்களைப் பற்றிய அரசியல் நிறையப் பேசப்பட்டுவிட்டது. ஒப்பந்தம் சரியா, யார் யாரை ஏமாற்றினார்கள் என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால், துப்பாக்கி தூக்கிப்போன சாதாரண காலாட்படை வீரர் அங்கே எங்கே தூங்கினார், என்ன சாப்பிட்டார், குளிக்கத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது அதிகம் எழுதப்படவில்லை. வேறொரு நாட்டின் உள்நாட்டுப் போருக்குள் மாட்டிக்கொண்ட ஒரு ஜவானின் அன்றாடம் எப்படி இருந்தது? பார்ப்போம்.

எதற்காகப் போனார்கள்?

1987 ஜூலை 29-ம் தேதி கொழும்பில் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனேவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாளே இந்தியப் படையினர் யாழ்ப்பாணம் அருகே பலாலி விமான தளத்தில் இறங்கத் தொடங்கினார்கள். ஹைதராபாத்தை ஒட்டிய செகந்திராபாத்தில் இருந்த 54-வது காலாட்படை டிவிஷன்தான் முதலில் போனது.

கொடுத்த வேலை, சண்டையை நிறுத்தி ஆயுதங்களைப் பெற்றுக்கொள்வது. அதனால்தான் ‘அமைதி காக்கும் படை’ என்று பெயர். ஆரம்பத்தில் யாழ்ப்பாணத்து மக்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். ஆனால் அந்த உறவு மூன்று மாதம்கூட நீடிக்கவில்லை. அக்டோபர் 10-ம் தேதி விடுதலைப் புலிகளுக்கு எதிராக ‘ஆபரேஷன் பவன்’ தொடங்கியது. அமைதி காக்க வந்தவர்கள் ஒரே இரவில் போரில் ஒரு தரப்பாகிவிட்டார்கள். அடுத்த நாள் இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட 13-வது சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியின் சிறு பிரிவில் 29 பேர் கொல்லப்பட்டார்கள், ஒருவர் பிடிபட்டார்.

அதன் பிறகு படை பெருகிக்கொண்டே போனது. உச்சத்தில் 70,000 முதல் 1 லட்சம் பேர் வரை இருந்ததாகக் கணக்குகள் மாறுபடுகின்றன. உயிரிழந்த இந்திய வீரர்கள் சுமார் 1,200 பேர்.

சேலத்துக்கு இதில் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இரண்டு பக்கமும் இருக்கிறது.

1980-களின் நடுவில், மேட்டூர் அணைப் பக்கம் உள்ள கொளத்தூரில் விடுதலைப் புலிகளின் பயிற்சி முகாம் இயங்கியது. ஈழப் போராளிக் குழுக்களுக்கு இந்தியாவே பயிற்சியும் ஆயுதமும் கொடுத்த காலம் அது. தமிழ்நாட்டில் பல இடங்களில் இப்படி முகாம்கள் இருந்தன. ஊர் மக்களும் ஆதரவாக இருந்தார்கள்.

அதே சேலம் மாவட்டத்து இளைஞர்கள் இந்திய ராணுவத்திலும் சேர்ந்தார்கள். தமிழ்நாட்டில் காலாட்படைக்கு ஆள் எடுத்தால், அதில் பலர் போய்ச் சேரும் இடம் மெட்ராஸ் ரெஜிமென்ட். அதன் பயிற்சி மையம் நீலகிரி மாவட்டம் வெலிங்டனில், சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுமார் 1,500 மீட்டர் உயர ஏற்காட்டில் வளர்ந்த பையனுக்கு அந்தக் குளிரும் பனிமூட்டமும் புதிதல்ல. புதிதாக இருந்தது யாழ்ப்பாணம். மலையும் ஆறும் இல்லாத தட்டையான நிலம், உப்புக் காற்று, வெயில், எங்கு பார்த்தாலும் பனைமரம்.

இன்னொரு விஷயமும் இருந்தது. எதிரே நின்று சுட்டவர்களில் சிலர், சில ஆண்டுகளுக்கு முன்பு அவருடைய மாவட்டத்திலேயே பயிற்சி எடுத்தவர்களாக இருக்கலாம். இரண்டு தரப்புக்கும் தாய்மொழி ஒன்றுதான்.

முகாம் என்றால் கூடாரமா?

‘முகாம்’ என்றதும் வரிசையாகக் கூடாரங்கள், நடுவில் கொடிக்கம்பம் என்று சினிமாவில் பார்த்ததுதான் நினைவுக்கு வரும். பலாலி விமான தளம், காங்கேசன்துறை துறைமுகம், திருகோணமலை போன்ற பெரிய தளங்களில் ஓரளவு வசதி இருந்தது. ஆனால் காலாட்படை ஜவானுக்கு வாய்த்தது பெரும்பாலும் சிறிய போஸ்ட்தான்.

சுமார் 800 பேர் கொண்ட ஒரு பட்டாலியன் ஒரே இடத்தில் இருக்காது. சுமார் 120 பேர் கொண்ட கம்பெனிகளாகவும், அதையும் உடைத்து 30 பேர் கொண்ட பிளட்டூன்களாகவும் பிரிந்து ஊர் ஊராக உட்கார்ந்திருக்கும். ஆள் காலி செய்துவிட்டுப் போன வீடு, மூடிக்கிடக்கும் பள்ளிக்கூடம், சாலைச் சந்திப்பில் ஒரு கட்டடம் என ஏதோ ஒன்றுதான் முகாம். சுற்றி மணல் மூட்டை, முள்கம்பி, மூலைக்கு ஒரு பங்கர். ராணுவப் பேச்சில் அதற்கு ‘மோர்ச்சா’ என்று பெயர்.

யாழ்ப்பாணத்தின் ஒழுங்கைகள், அதாவது சந்துகள், குறுகலானவை. இருபுறமும் பனையோலை, கிடுகு வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் பத்தடி தூரத்தில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. அதனால் முகாம் என்பது களைப்பாறும் இடமாக இல்லை. அதுவும் போர்முனையின் ஒரு துண்டுதான்.

ஒரு நாள் எப்படி ஓடும்?

விடியலுக்கு முன்: நாள் ‘ஸ்டாண்ட்-டு’வில் தொடங்கும். இருட்டு விலகும் நேரத்தில் எல்லோரும் ஆயுதத்துடன் அவரவர் மோர்ச்சாவில் நிற்க வேண்டும். வெளிச்சம் மாறும் நேரத்தில்தான் தாக்குதல் வரும் என்பது உலகம் முழுக்கக் காலாட்படைகளின் பழைய பாடம். சாயங்காலமும் இதே கதைதான்.

காலை: பல் துலக்கி, ஒரு டம்ளர் டீ. அடுத்து, நாளின் மிக ஆபத்தான வேலை: ‘ரோடு ஓப்பனிங்’. ரேஷன் லாரி, ஆம்புலன்ஸ், அதிகாரியின் ஜீப் என எது வருவதற்கும் முன்பாக, ஒரு குழு சாலையின் இருபுறமும் நடந்தே போய்ச் சோதிக்க வேண்டும். பாலத்துக்கு அடியில் வெடி இருக்கிறதா, தார் புதிதாகப் போட்டதுபோல் இருக்கிறதா, புல்லுக்குள் வயர் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். புலிகள் மரப்பெட்டியில் செய்த சிறிய மிதிவெடிகளையும் பயன்படுத்தினார்கள். உலோகம் மிகக் குறைவு என்பதால் டிடெக்டர் கருவியில் அவை எளிதில் சிக்காது. நேற்று சோதித்த சாலையாச்சே என்று விட முடியாது. ராத்திரியில் யாராவது வந்து புதைத்திருக்கலாம்.

பகல்: சுற்றிவளைப்பு, வீடு வீடாகத் தேடுதல், செக்போஸ்ட். வேலை இல்லாத நேரத்தில் ஆயுதம் துடைப்பது, மணல் மூட்டை நிரப்புவது, துணி துவைப்பது. குளியல், கிணறு கிடைத்தால். யாழ் குடாநாட்டில் ஆறு கிடையாது, சுண்ணாம்புக்கல் பூமி. மக்களும் கிணற்றைத்தான் நம்பி இருந்தார்கள். தண்ணீர் எடுக்கப் போவதற்கும் காவலுக்கு ஆள் வேண்டும்.

ராத்திரி: முறை வைத்து சென்ட்ரி டியூட்டி. இரண்டு மணி நேரம் விழிப்பு, கொஞ்சம் தூக்கம், மறுபடியும் எழுந்திரு. சில இரவுகளில் பதுங்கித் தாக்கும் ஆம்புஷ் குழுவோடு வெளியே கிளம்ப வேண்டும். வெளியே போவதைப் போலவே திரும்பி வருவதும் ஆபத்துதான். 1987 நவம்பர் 25 பின்னிரவில், தேடுதலை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த 8-வது மஹார் பட்டாலியன் குழு தாக்கப்பட்டபோதுதான் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் உயிரிழந்தார். அவருக்கு நாட்டின் உயரிய வீர விருதான பரம் வீர் சக்ரா வழங்கப்பட்டது.

சாப்பாடு?

ராணுவத்தில் சமையற்கூடத்துக்கு ‘லங்கர்’ என்று பெயர். அரிசி, ஆட்டா, பருப்பு, டின் பொருட்கள் எல்லாம் இந்தியாவில் இருந்து கப்பலிலும் விமானத்திலும் வரும். பெரிய தளத்தில் இறங்கி, அங்கிருந்து லாரியில் போஸ்ட்டுக்குப் போகும். ரோடு திறக்கவில்லை என்றால் லாரி வராது. லாரி வராவிட்டால் காய்கறி, இறைச்சி இல்லை. இருப்பில் உள்ள பருப்பும் சாதமும்தான். ரோந்துக்குக் கிளம்பினால் பையில் பூரியோ ஷக்கர்பாராவோ இருக்கும். ஷக்கர்பாரா என்பது கோதுமை மாவில் செய்யும் இனிப்புத் துண்டு. சீக்கிரம் கெடாது, இருட்டில் சத்தமில்லாமல் சாப்பிடலாம்.

வன்னிக் காட்டுப் பக்கம் போன பட்டாலியன்களுக்குக் கூடுதல் தொல்லை மலேரியா. உள்நாட்டுப் போர்களில் முகாம் நோய் ஒரு பழைய கதை. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறந்த வீரர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் குண்டுக்குப் பலியானவர்கள் அல்ல, வயிற்றுப்போக்கு, டைபாய்டு போன்ற நோய்களுக்குப் பலியானவர்கள். 1987-ல் மருத்துவம் எவ்வளவோ முன்னேறியிருந்தது. ஆனாலும் கொதிக்க வைத்த தண்ணீர், கொசுவலை, மாத்திரை என்ற ஒழுங்கு முகாமில் துப்பாக்கி அளவுக்கு முக்கியம்.

கையில் என்ன துப்பாக்கி?

பெரும்பாலான ஜவான்களிடம் இருந்தது 7.62 எம்எம் எஸ்எல்ஆர். நாலு கிலோவுக்கு மேல் எடை, ஒரு மீட்டருக்கு மேல் நீளம், மேகசினில் 20 தோட்டா, ஒவ்வொரு முறை சுடவும் விசையை அழுத்த வேண்டும். திறந்த வெளிப் போருக்கு நல்ல ஆயுதம். ஆனால் சந்துக்குள்ளும் புதருக்குள்ளும்? எதிர்த்தரப்பிடம் இருந்த ஏகே ரகத் துப்பாக்கி நீளம் குறைவு, 30 தோட்டா, தொடர்ச்சியாகச் சுடும். பாகிஸ்தான், சீன எல்லைக்காகத் தயாரான ராணுவம் இப்படி ஒரு சண்டைக்குத் தயாராக இல்லை என்பதைப் பின்னாளில் படைத் தளபதிகளே புத்தகங்களில் எழுதினார்கள்.

தமிழ் தெரிந்த ஜவானுக்கு என்ன கூடுதல் வேலை?

அமைதிப்படையில் சீக்கியர், கூர்க்கா, மராத்தா, மெட்ராஸ் என எல்லா ரெஜிமென்ட்டும் இருந்தன. பெரும்பாலானோருக்குத் தமிழ் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. அதனால் செக்போஸ்ட்டில் தமிழ் பேசும் ஒரு சிப்பாய் இருந்தால் அவர்தான் மொழிபெயர்ப்பாளர், பஞ்சாயத்துக்காரர், மனு வாங்குபவர் எல்லாம்.

ஆனால் சேலத்துத் தமிழை வைத்து யாழ்ப்பாணத் தமிழை உடனே பிடித்துவிட முடியாது. அங்கே ‘கதைக்கிறது’ என்றால் பேசுவது. ‘வடிவு’ என்றால் அழகு. ‘பேந்து’ என்றால் பிறகு. ‘பெடியள்’ என்றால் பையன்கள், ஆனால் அந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்குப் போராளிகள் என்றும் அர்த்தம். ‘பெடியள் இதாலதான் போனவங்கள்’ என்று ஒரு முதியவர் சொன்னால், அது தெருவில் விளையாடும் சிறுவர்களைப் பற்றிய தகவலா, ஆயுதக் குழுவைப் பற்றிய எச்சரிக்கையா? புரிந்துகொள்வதில் ஒரு சின்ன தப்பு, யாரோ ஒருவரின் உயிரில் போய் முடியலாம்.

மொழி தெரிந்ததால் வந்த பாரமும் உண்டு. சுற்றிவளைப்பில் ஊர் ஆண்களை வரிசையாக நிறுத்தி, முகத்தை மூடிய ஒருவர் முன்னால் நடக்க வைப்பார்கள். அவர் தலையை ஆட்டினால் அந்த ஆளைப் பிடித்துப்போவார்கள். ஊர் மக்கள் அவரை ‘தலையாட்டி’ என்றார்கள். மகனைக் கூட்டிப்போகும்போது தாய் கதறுவதை மற்ற ஜவான்கள் சத்தமாக மட்டுமே கேட்டிருப்பார்கள். தமிழ் ஜவானுக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்திருக்கும்.

வீட்டோடு தொடர்பு?

செல்போன் இல்லாத காலம். எல்லாமே கடிதம்தான். ராணுவத்துக்கென தனி அஞ்சல் ஏற்பாடு உண்டு. வீட்டில் இருந்து எழுதும்போது ஊர்ப் பெயர் போட மாட்டார்கள். நம்பர், ரேங்க், பெயர், பட்டாலியன், ஏபிஓ எண் அவ்வளவுதான். மகன் யாழ்ப்பாணத்தில் இருக்கிறானா, மட்டக்களப்பில் இருக்கிறானா என்பது முகவரியைப் பார்த்தால் தெரியாது.

பதில் கடிதம் ஏற்காட்டுக்கு வர வேண்டும் என்றால், கடல் தாண்டி, சேலம் வந்து, 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, அதன்பிறகு சேர்வராயன் மலையின் ஏதோ ஒரு கிராமத்துக்குப் போக வேண்டும். கடிதம் கைக்குக் கிடைக்கும்போது அதில் உள்ள ‘நலம்’ பழைய செய்தி. அதற்குள் ரேடியோவிலும் பேப்பரிலும் ‘இந்திய வீரர்கள் பலி’ என்று வந்திருந்தால், அடுத்த கடிதம் வரும்வரை வீட்டில் யாரும் நிம்மதியாக இருந்திருக்க முடியாது.

வேலிக்கு அந்தப் பக்கம்

ஜவானின் கஷ்டத்தை மட்டும் சொன்னால் கதை பாதிதான். அந்த முகாம் இருந்த வீடு வேறு யாருடையதோ. அந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டிய பிள்ளைகள் வேறெங்கோ இருந்தார்கள்.

1987 அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் இந்தியப் படையினர் நடத்திய துப்பாக்கிச்சூட்டில் டாக்டர்கள், நர்ஸ்கள், நோயாளிகள் என 60-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில், வீரர்கள் மீது நடந்த தாக்குதலுக்குப் பிறகு 50-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் உயிரிழந்தனர். இந்தச் சம்பவங்களை ஈழத்தமிழர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

இதற்கும் முகாம் வாழ்க்கைக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. காலையில் நண்பனோடு டீ குடித்தவர், மதியம் அதே நண்பனின் உடலைச் சுமந்து வருகிறார். வெடி வைத்தது யார் என்று தெரியாது. சீருடை இல்லாத எதிரி, கூட்டத்தில் கலந்துவிடுகிறார். தூக்கமும் இல்லை. இந்த நிலையில் எதிரே வரும் ஒவ்வொரு சைக்கிளும் சந்தேகமாகிறது. நடந்ததை இது நியாயப்படுத்தாது. ஆனால் உள்நாட்டுப் போருக்குள் ஒரு ராணுவத்தை அனுப்பினால் அதன் முகாமுக்குள் என்ன நடக்கும் என்பதை இது விளக்கும்.

திரும்பி வந்தபோது?

1989 ஜூனில் இலங்கை அதிபர் பிரேமதாசா, இந்தியப் படை வெளியேற வேண்டும் என்று வெளிப்படையாகக் கெடு விதித்தார். டெல்லியிலும் ஆட்சி மாறியது. 1990 மார்ச் 24-ம் தேதி கடைசிப் பிரிவு திருகோணமலையில் இருந்து கப்பல் ஏறியது. சென்னை வந்திறங்கிய படையை வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை. சொந்தத் தமிழ் மக்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்பது அவர் தரப்பு நியாயம். உத்தரவுக்குக் கட்டுப்பட்டுப் போன சிப்பாயை எதற்கு அவமதிக்க வேண்டும் என்பது மறுதரப்பு. இந்த வாதம் தமிழ்நாட்டில் இன்றும் முடியவில்லை.

தமிழ் ஜவானுக்கு இது இன்னும் சிக்கலானது. மற்ற மாநிலத்து வீரர் ஊருக்குப் போனால், ‘எங்கே இருந்தாய்’ என்று கேட்பார்கள். இவரிடம், ‘அங்கே நம்ம ஆட்களையா சுட்டாய்’ என்று கேட்கக்கூடிய ஊருக்குத்தான் இவர் திரும்பி வந்தார். அதே சேலம் மாவட்டத்திலேயே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களும் இருக்கின்றன. போரால் வீட்டை இழந்து வந்தவர்களும், அந்தப் போரில் சிப்பாயாக இருந்துவிட்டு வந்தவர்களும் ஒரே மாவட்டத்தில், சில நேரம் ஒரே பஸ்ஸில், பேசிக்கொள்ளாமல் பயணித்திருக்கக்கூடும்.

கொழும்பு அருகே பத்தரமுல்லையில் அமைதிப்படையினருக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. உயிரிழந்தவர்களின் பெயர்கள் அங்கே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. 2015-ல் பிரதமர் மோடி அங்கே மலர்வளையம் வைத்தார். டெல்லியில் 2019-ல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச்சின்னத்திலும் பெயர்கள் உண்டு.

உயிரோடு திரும்பியவர்களுக்குக் கல்வெட்டு கிடையாது. எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தார்கள், எந்தச் செக்போஸ்ட்டில் யார் அழுதார்கள், எந்த நாள் லாரி வரவில்லை என்பதெல்லாம் அவர்கள் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. அன்று 20 வயதில் போனவர்கள் இன்று 60-ஐ நெருங்கிவிட்டார்கள் அல்லது தாண்டிவிட்டார்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால், ஜெயித்தோமா தோற்றோமா என்று கேட்காமல், அங்கே ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவேளை அவர் பேச்சை மாற்றாமல் பதில் சொல்லலாம்.